‘யாருக்கு’ என்ற கட்டம்

1961 ஜூன் 12, திங்கட்கிழமை. அன்றைய டைரிப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஐந்து பத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம். கொழுந்தன் முதல் பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் போனார். காலையில் கேப்பைக் கூழ், சின்ன வெங்காயம். மதியம் சோறு, கத்தரிக்காய் வெஞ்சனம். இரண்டு மணிக்குத் தையல் வகுப்பு. காற்று அதிகம்."

அதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருக்கிறது. நான் பக்கத்தைக் காலியாக விடுகிறவள் இல்லை. எழுத ஒன்றும் இல்லாத நாளில்கூட எத்தனை வேட்டி துவைத்தேன் என்றாவது எழுதி அடிவரை கொண்டுவந்துவிடுவேன். அன்று மாலை எழுதப் பயமாக இருந்தது. எழுதினால் என்ன ஆகும் என்பதை அந்த மே மாதம்தான் தெரிந்துகொண்டிருந்தேன். எட்டு வருடம் கழித்து, அந்த அரைப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. திண்டுக்கல்லில், கடைவீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறை ஒன்றில் சரக்கு எழுதும் குமாஸ்தா. அவருடைய தம்பி, என் கொழுந்தன், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டியில் வேலை பார்த்தார். திங்கட்கிழமை விடிவதற்குள் போனால் சனிக்கிழமை சாயங்காலம் வருவார். அவர் மனைவி, என் ஓரகத்தி, என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். வத்தலக்குண்டுப் பக்கத்துப் பெண். எங்கள் நாலு பேருக்கும் ஒரே அடுப்பு. எனக்குப் பிள்ளை இல்லை.

ஓரகத்திக்கு அது மூன்றாவது கர்ப்பம். முதலாவது அவள் தாய்வீட்டில் ஏழாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது எங்கள் வீட்டில், ஏழு முடிந்து பத்தாம் நாள். இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை, வளைகாப்பும் போடவில்லை. ஜூன் மாதத்தில் ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லாமல் போயிருந்தது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் ஒருவரும் ‘குழந்தை’ என்றோ ‘புள்ளை’ என்றோ சொல்லவில்லை. "ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்போம். "நல்லபடியா ஆகட்டும்" என்போம். எது நல்லபடியாக ஆக வேண்டும் என்பதைச் சொல்லமாட்டோம். வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிடும்போது "அது பிறந்த பிறகு இந்த ஓட்டை மாத்தணும்" என்று கூரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்து, ‘அது’ என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு மோர் கேட்டார்.

தையல் வகுப்பு எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில், மாதர் சங்கம் ஒன்று வாடகைக்கு எடுத்திருந்த கூடத்தில் நடந்தது. திங்கள், புதன், வெள்ளி, இரண்டிலிருந்து நாலு வரை. பன்னிரண்டு பெண்கள், மூன்று தையல் மெஷின். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் கைத்தையல்தான்: ஓட்டுத் தையல், எம்மிங், காஜா. மே மாதம் முதல் புதன்கிழமை டீச்சர் கரும்பலகையில் எழுதினார்கள்: ஒன்று, ஜப்லா. இரண்டு, தலையணை உறை. மூன்று, உள்பாவாடை.

"இந்த மூணுல எதை வேணும்னாலும் முதல் பாடமா எடுத்துக்கலாம். எடுத்ததை முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும்" என்றார்கள்.

ஜப்லா என்பது பச்சைக் குழந்தைக்குப் போடும் சட்டை. கை கிடையாது, முதுகுப் பக்கம் திறந்து, கயிறு வைத்துக் கட்டுவது. நான் அதை எடுத்தேன். எடுத்ததற்கு இரண்டு காரணம். பட்டியலில் அது முதலாவதாக இருந்தது. ஒன்றை விட்டுவிட்டு இரண்டிலிருந்து தொடங்க என்னால் முடியாது. இன்னொன்று, அது சின்னதாக இருந்தது. சின்னது சுலபம் என்று நினைத்தேன். தையல் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். முதலில் தைக்கிறவள் நேராக ஓடுகிற தையலைத்தான் எடுக்க வேண்டும். ஜப்லாவில் நேராக ஓடுகிற இடம் இரண்டு பக்கவாட்டு மட்டுமே. மற்றதெல்லாம் வளைவு. அக்குள் வளைவு, கழுத்து வளைவு, அவற்றைச் சுற்றிக் குறுக்குவாட்டில் வெட்டிய பட்டியை இழுக்காமலும் சுருக்காமலும் வைத்து மடித்துத் தைப்பது. துணி எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு வளைவு கூடும்.

இந்த நியாயம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பேகம்பூர் அம்மாளுக்கு அன்றே தெரிந்திருந்தது. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர்; அப்படியும் என்னை அக்கா என்றே கூப்பிடுவார். உள்பாவாடையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "நேரா ஓடுற தையலுங்கக்கா. கோணிக்கிட்டுப் போனாலும் சேலைக்குள்ள போயிரும், யாரு பாக்கப் போறா?"

டீச்சர் எல்லோருக்கும் பக்க எண் போட்ட நோட்டு ஒன்று கொடுத்தார்கள். பக்கத்துக்கு நாலு கட்டம். மாதிரி, துணி, அளவு, யாருக்கு.

"யாருக்குன்னு எழுதாம கத்தரியைத் துணியில வைக்கக்கூடாது. அளவுன்னா ஆள் இருக்கணும். ஆள் இல்லாத அளவு கிடையாது" என்றார்கள்.

பேகம்பூர் அம்மாள் ‘எனக்கு’ என்று எழுதினார். தலையணை உறை எடுத்த ஒருத்தி நெடுநேரம் யோசித்து ‘தலகாணிக்கு’ என்று எழுதி டீச்சரையே சிரிக்க வைத்தாள். என் கட்டம் காலியாக இருந்தது.

அன்று காலைதான் குழாயடியில் எதிர்வீட்டுக்காரி, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டிருந்தாள். "ஏங்க்கா, தையல் கிளாசுக்குப் போறீகளாமே. நல்லதுதான். யாருக்குத் தைக்கப் போறீக? அண்ணனுக்குக் கோமணமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடம் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நோட்டில் அந்தக் கட்டத்தில் எழுதினேன்: "எங்கள் வீட்டில் பிறக்கப் போகும் குழந்தைக்கு." நல்ல மையில், ஒரு அடித்தல் இல்லாமல். டீச்சர் பார்த்துவிட்டுக் கீழே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்கள்.

பாதி வழி வந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. ரயில்வே கேட்டுப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பூமியைத் தொடும் முன்னால் அதற்கென்று புதிதாக ஒரு நூல்கூட வாங்க மாட்டார்கள். பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து வைக்கலாம். தொட்டில் கம்பி மாட்டக்கூடாது. முதல் சட்டை நன்றாக வளர்கிற இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பழைய சட்டையாக இருக்க வேண்டும். கேட்டு வாங்கி வருவார்கள். முன்கூட்டித் தைத்து வைப்பது, வராத ஆளுக்கு இலை போடுவது மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஓரகத்தியின் முதல் இரண்டு முறையும் இந்த ஒழுங்கையெல்லாம் முன்னின்று பார்த்துக்கொண்டவளே நான்தான். அப்படி இருந்தும், ஒரு பட்டியலில் முதலாவதாக இருந்தது என்பதற்காகவும், ஒரு கட்டம் காலியாக இருந்தது என்பதற்காகவும், ஒருத்தி குழாயடியில் சிரித்தாள் என்பதற்காகவும் எழுதிவிட்டேன். எழுதினது யார் என்று பார்த்தால், பிள்ளை இல்லாத பெரிய ஓரகத்தி. ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கவே வேண்டாம். ஊர் சொல்வதற்கு முன்னால் நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

பக்கத்தைக் கிழிக்க முடியாது. எண் போட்டிருந்தது, டீச்சர் கையெழுத்தும் இருந்தது. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று ஒருநாள் பேனாவை எடுத்தேன். ‘குழந்தைக்கு’ என்ற சொல்லின் மேல் கோடு இழுக்க வேண்டும். கை வரவில்லை. நோட்டை என் டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன்.

மே மாதம் முழுவதும் அந்தச் சட்டையைத் தைத்தேன். முதலில் செய்தித்தாளில் வெட்டி, பிறகு வெள்ளை மல் துணியில். மார்பு பதினெட்டு அங்குலம், நீளம் பத்து. தோளும் பக்கமும் மெஷினில் ஓட்டினேன். அக்குளை மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். கழுத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அது எனக்குள் நானே செய்துகொண்ட ஏற்பாடு. கழுத்து முடியாதவரை அது சட்டை ஆகாது, வெறும் துணிதான் என்று. வகுப்பில் ஒவ்வொரு நாளும் கழுத்துப் பட்டியை வைப்பேன், கோணலாக இருக்கிறது என்று எடுப்பேன். சட்டையை வீட்டுக்கு எடுத்து வருவதில்லை. செய்தித்தாளில் சுற்றி, மேலே என் வரிசை எண் ஏழு என்று எழுதி, கூடத்து அலமாரியிலேயே வைத்துவிட்டு வருவேன். அது ஓரகத்தி இருக்கும் வீட்டு வாசலைத் தாண்டாதவரை பரவாயில்லை என்று ஒரு கணக்கு.

ஜூன் 12 அன்று நான் உள்ளே போனதும் டீச்சர் சொன்னார்கள்: "நாளைக்கு வெள்ளையடிக்க வர்றாங்க. அலமாரியைக் காலி பண்ணணும். அவங்கவங்க சாமானை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க, அடுத்த வாரம் கொண்டாந்தாப் போதும்." பிறகு என்னைப் பார்த்தார்கள். "எல்லாரும் மூணாவது பாடத்துக்குப் போயாச்சு. நீங்க இன்னும் கழுத்துலயே தொங்கிட்டு இருக்கீங்க. வீட்டுல உக்காந்து முடிச்சிருங்களேன்."

அந்த இரண்டு மணி நேரமும் நான் ஒரு தையல்கூடப் போடவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு எல்லோரும் எழுந்தபோது பேகம்பூர் அம்மாள் கேட்டார். "என்னங்கக்கா, ஒடம்புக்கு என்ன? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

"ஒண்ணுமில்ல. இத என்ன பண்றதுன்னு தெரியல."

"எத? ஜப்லாவையா?" பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். "அடேயப்பா, எம்புட்டுச் சின்னது! இத எனக்குக் குடுத்துருங்களேன். எம் மக பேறுகாலத்துக்கு வந்திருக்காள்ல, புள்ளைக்கு நாளைக்கு நாப்பதாம் நாளு. கழுத்தை நானே மடிச்சு அடிச்சுக்கிறேன். உங்களுக்கும் பாடம் முடிஞ்ச மாதிரி ஆச்சு."

எனக்கு மூச்சு வந்தது. ஒரு நல்ல குழந்தை போட்டுவிட்டால் அது பழைய சட்டை. பழைய சட்டைக்குத் தோஷம் இல்லை. "எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை முழங்காலில் விரித்துப் போட்டுத் தடவினார். அந்தக் கை தடவுவதைப் பார்த்தேன். வீட்டில் ஒரு குழந்தையைத் தொட்டுத் தூக்குகிற கை அது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாருக்கென்று எழுதினேன், அது எத்தனாவது, முன்னால் இரண்டும் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் சொன்னேன்.

கை நின்றது.

"சொல்லாமக் குடுத்திருந்தாப் போட்டிருப்பேங்கக்கா" என்றார். "சொல்லிப்புட்டீங்களே."

"சொல்லாம எப்படிக் குடுக்கிறது?"

"அதான். ஒரு கட்டத்தைக் காலியா விட மாட்டீங்க, ஒரு விசயத்தை வாயில வச்சுக்க மாட்டீங்க. உங்களை வச்சுக்கிட்டு உங்க வீட்டுக்காரரு என்ன பாடுபடுறாரோ!" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சட்டையை மடிப்புக் கலையாமல் மடித்து, அதே காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்க. எனக்குன்னா நான் போட்டுக்குவேன். மக புள்ளை பாருங்க."

"நானா இருந்தாலும் வாங்க மாட்டேன்" என்றேன். உண்மை அதுதான்.

"அல்லாகிட்ட ரெண்டு புள்ளைக்கும் சேத்துக் கேக்குறேன். போயிட்டு வாங்க."

வெளியே காற்று. அந்த மாதத்துக் காற்று எங்கள் ஊரில் மண்ணை வாரி முகத்தில் போடும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பொட்டலத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் வரிசையாக யோசித்தேன். கிணற்றில் போட்டால் மிதக்கும், யாராவது எடுத்து யாருடையது என்று கேட்பார்கள். அடுப்பில் போடுவது என்பதை நினைத்த உடனே தலையை உதறிக்கொண்டேன். ஒரு குழந்தையின் சட்டையை நெருப்பில் வைப்பதா. எங்காவது வைத்துவிட்டு வந்தால், எடுக்கிறவள் யாரோ, அவள் வீட்டில் யார் இருக்கிறார்களோ. கடைசியில் ஒரு வழி தெரிந்தது. தையலைப் பிரித்துவிடலாம். தோளைப் பிரித்து, பக்கத்தைப் பிரித்தால் மூன்று துண்டுத் துணி. வெறும் துணி யாருக்கும் சொந்தமில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஓரகத்தி உள்ளறையில் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கைகால் கழுவிக்கொண்டு, வீட்டுக்காரரின் பழைய சவர பிளேடை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் துவைகல்லில் போய் உட்கார்ந்தேன். மணி நாலே முக்கால் இருக்கும். இடது தோளிலிருந்து ஆரம்பித்தேன். மெஷின் தையல் கெட்டியாக இருந்தது. ஒவ்வொரு கண்ணாக பிளேடின் மூலையை விட்டு அறுத்து, நூலை நகத்தால் இழுத்தேன். இடது தோள் முழுவதும் பிரிந்துவிட்டது. வலது தோளுக்குத் திருப்பினேன்.

"என்னக்கா அது?"

கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்ல புள்ள. கிளாஸ் துணி."

"பிரிக்கிறீங்களா?"

"கோணலா வந்துருச்சு."

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, எனக்கு எதிரே படியில் மெல்ல உட்கார்ந்தாள். "எம் புள்ளை சட்டைதானே அது?" என்றாள்.

அந்த வீட்டில் எட்டு மாதமாக யாரும் சொல்லாத சொல். காதில் விழுந்ததும் நான் சுற்றிலும் பார்த்தேன், யாராவது கேட்டுவிட்டார்களா என்று.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போன மாசம் பழைய வேட்டி எடுக்க உங்க பொட்டியத் தெறந்தேன். அடியில நோட்டு இருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன்." அவள் ஐந்தாவது வரை படித்தவள். "அதுக்கப்புறம் தெனமும் நீங்க தண்ணிக்குப் போனதும் எடுத்துப் பாப்பேன். வகுப்புக்கு எடுத்துட்டுப் போற அன்னைக்கும் பாத்துட்டுத்தான் வைப்பேன்."

ஒரு மாதமாக அவள் அதைப் பார்த்துக்கொண்டு என்னோடு ஒரே அடுப்பில் சோறு தின்றிருக்கிறாள். "புள்ள, நான் வேணும்னு…"

"ஆஸ்பத்திரி நர்சம்மா ‘பாப்போம்’ங்குது. எங்க ஆத்தா ‘ஆண்டவன் விட்ட வழி’ங்குது. உங்க கொழுந்தன் வாயே தெறக்க மாட்டேங்குறாரு. நீங்க ஒராளுதான் பொறக்கப் போகுதுன்னு எழுதியிருந்தீங்க. மையில. கீழ டீச்சரு கையெழுத்து வேற." அந்தக் கையெழுத்தை ஏதோ கலெக்டர் கையெழுத்து மாதிரி சொன்னாள். "அதப் பாத்துட்டுத்தான் எட்டாம் மாசம் தாண்டுனேன்."

அதுவரை எனக்கு ஒரு பயம்தான் இருந்தது. அந்த நிமிடம் அது இரண்டாயிற்று. நான் எழுதினதால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்திருந்தேன். இப்போது, நான் எழுதினதை நம்பி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஒன்றும் தெரியாது.

"அது வீம்புக்கு எழுதுனது புள்ள" என்றேன். "எதிர்வீட்டுக்காரி குழாயடியில கேலி பண்ணா. அந்தக் கோவத்துல எழுதிட்டேன். எனக்குத் தெரிஞ்சு எழுதல. அத நம்பாத."

"வீம்புக்கோ எதுக்கோ. எழுதுனது எழுதுனதுதான்." கையை நீட்டினாள். "குடுங்க பாப்போம்."

"தொடாத. புதுசு."

"மொத ரெண்டுக்கும் எல்லாம் முறைப்படிதான் இருந்தோம். ஒரு கந்தத்துணிகூடப் புதுசா வாங்கல. என்ன ஆச்சு?"

அவள் என் மடியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டாள். முன்னும் பின்னும் திருப்பினாள். அக்குள் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஓட்டை இம்புட்டுத்தானா? இதுக்குள்ள எம் புள்ளை கைய விட்டா வெளிய எடுக்கப் பூட்டுப் பட்டறையிலேர்ந்துதான் ஆளக் கூப்பிடணும்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். வயிறு கல்லாக இறுகியதை அவள் முகத்திலேயே பார்த்தேன். என் இன்னொரு கையில் பிளேடு இருந்தது. அதைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. மனதுக்குள் எண்ணினேன். இருபத்துமூன்று வரை எண்ணியிருப்பேன். நான் பிரித்த இடது தோள் அவள் விரல்களுக்கிடையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பிரித்தேன், அதனால்தான் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

பிடி தளர்ந்தது. "போயிருச்சு" என்றாள். நெற்றி வேர்த்திருந்தது. "அடிக்கடி வருது. சும்மா வலி."

"வா, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"வேணாம். இது அது இல்ல. எனக்குத் தெரியும்." மூச்சு விட்டுக்கொண்டாள். பிறகு சட்டையை என் மடியில் வைத்தாள். "பிரிக்காதீங்கக்கா. முடிச்சிருங்க. பாதியில நிக்க வேணாம். எனக்குப் பாதியில நின்னதெல்லாம் போதும்."

நான் பாதியில் நிறுத்தியதுதான் பாதுகாப்பு என்று ஒரு மாதம் நினைத்திருந்தேன். அவளுக்கு அதே பாதிதான் பயம்.

வீட்டுக்காரர் ஆறரைக்கு வந்தார். வலி வந்து போனதை மட்டும் சொன்னேன். ஜட்கா வண்டிக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சண்டையா?" என்றார். "இல்லீங்க மாமா, தையலு" என்றாள் ஓரகத்தி. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எட்டு மணிக்குள் இன்னொரு முறை வயிறு இறுகித் தளர்ந்தது. டைரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘காற்று அதிகம்’ என்பதற்கு மேல் எழுதவில்லை.

நடந்ததை முழுக்கத் தெரிந்துகொண்டு எழுதுகிறவள் வாசிக்கிறவர்களைத் தொங்கவிடக்கூடாது. ஜூன் 29, வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அந்தச் சட்டையை அவளுக்கு ஒரே ஒரு முறைதான் போட முடிந்தது. அக்குள் பிடித்து, அழுது, கழற்றுவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. அவள் அம்மா சொன்னபடியே ஓட்டை போதவில்லை. ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஜூன் 12 அன்று எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அந்தப் பதினேழு நாளையும் நான் எப்படிக் கழித்தேன் என்பதை டைரியைப் பார்த்துச் சொல்லலாம். ஒவ்வொரு நாளும் முதல் வரியில் ‘ஒடம்பு சரியாக இருக்கிறது’ என்றுதான் இருக்கிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. உள்ளறையில் எட்டிப் பார்த்தேன். ஓரகத்தி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "வலிக்குதா?" என்றேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. சட்டையை எடுத்துக்கொண்டு, வாசல் தெளிக்காமல், அடுப்புப் பற்றவைக்காமல், லாந்தரை ஏற்றி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் மெஷின் இல்லை. பிரித்த தோளைக் கைத்தையலாகத்தான் போட வேண்டும். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தேன். மூன்று தரமும் நூல் காதுக்குள் போகாமல் பக்கத்தில் போயிற்று. அவள் ஊசியை என் கையிலிருந்து வாங்கி, நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒரே தடவையில் கோத்துத் திருப்பிக் கொடுத்தாள். நான் இடது தோளின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, கழுத்துப் பக்கத்திலிருந்து முதல் தையலைப் போட்டேன்.